காலடிக்குப் பிறகே கம்பு

புதுக்கோட்டைச் சீமையில், பழைய மாதா கோயிலால் பெயர்பெற்ற ஆவூரைச் சுற்றியுள்ள வயல்களில், கும்பிடுபூச்சியை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. சீன தேசத்து ஷான்டோங் பிரதேசத்திலோ, அதே பூச்சியின் முன்கால்களைக் கண்டு வாங் லாங் என்பவர் ஒரு யுத்த வித்தையையே சமைத்தார் என்பது ஐதிகம். அங்கே பல ஆசான்களிடம், நிலைகளில் கால் ஊன்றிய பின்னரே ‘பெங் பூ’ முதலான அசைவுத் தொடர்கள் கிடைக்கும்.

நம் சிலம்பத்திலும் கிரமம் அதுவே: முதலில் வணக்கம், பின்பு காலடி, அப்புறம் வீச்சு, கடைசியில்தான் எதிராளியோடு அடியும் தடுப்பும். கம்பைத் தொட ஆவலில் தவிக்கும் பிள்ளையை, வெறுங்கையோடு நாட்கணக்கில் முன்னும் பின்னும் பெயர்ந்து திரும்பவைக்கும் வாத்தியாரின் பிடிவாதம், எனக்குச் சங்கீதத்தின் சரளி வரிசையை ஞாபகமூட்டுகிறது (அங்கும் கீர்த்தனைக்கு அவசரப்படுகிறவர்கள் உண்டு). கால் பழகியவனுடைய கம்பு இடுப்பின் பலத்தோடு சுழன்று ‘விர்’ரென்று ஒரே சுருதியில் நாதமெழுப்பும், பழகாதவனுடையதோ மணிக்கட்டில் மட்டும் தடுமாறி, அவன் முழங்காலையே பதம்பார்க்கும்.

கம்பின் அளவு, ஊன்றி நின்றால் அவனவன் நெற்றியைத் தொடும் உயரம்.