நெரிசலை அறியச் சரக்கு தொலைய வேண்டுமா?

சாத்தூர்த் தீப்பெட்டி ஆலை ஒன்று டில்லி வியாபாரிக்கு லாரிகளில் பண்டல்கள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 'சரக்கு வந்தது' என்று கடிதம் கிடைத்தால் அடுத்த முறை ஒரு லாரி கூடுதல். ஒரு லோடு வராவிட்டால், வழியில் நெரிசல் என்று கருதி லாரிகளைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். கணினிகள் தகவல் பொட்டலங்களை அனுப்பும் டி.சி.பி. முறைக்கு 1988இல் வான் ஜேக்கப்சன் விளக்கிய விதி ஏறக்குறைய இதுதான். 1986இல் நெரிசலால் திணறிய இணையத்தைக் காத்த விதி இது.

தொலைவும் வேகமும் கூடினால் என்ன ஆகும்? வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகள் செல்லும் தடம், போய்வர 0.1 வினாடி; பொட்டலம் ஒன்று 1,500 பைட். தடம் நிரம்ப 83,333 பொட்டலங்கள் வழியில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் இந்த எண் பாதியாகும். ஒவ்வொரு போய்வரலுக்கும் ஒன்றாக ஏறிப் பழைய நிலையை எட்ட ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். கணக்கிட்டுப் பாருங்கள்!

இக்குறையைத் தீர்க்க வந்ததே 'கியூபிக்'. இன்ஜோங் ரீ குழுவினர் உருவாக்கிய இது 2006 முதல் லினக்சின் இயல்பு முறை. இழப்பு நேர்ந்தால் 30 விழுக்காடு அளவே குறைக்கும். பிறகு பழைய உச்சம்வரை விரைந்து ஏறி, அதனருகே நிதானித்து, மீண்டும் விரையும். ஏற்றத்தைத் தீர்மானிப்பது போய்வரும் எண்ணிக்கையன்று, கடந்த நேரம். தொலைதூரத் தடங்களுக்கு இது பெரும் நன்மை.

ஆயினும் அடிப்படைக் குறை தீரவில்லை. கியூபிக்கும் இழப்பு நேரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் வழியிலுள்ள திசைவியில் வரிசை நீண்டுவிடுகிறது. வீட்டில் ஒருவர் திரைப்படம் இறக்கினால், அதே இணைப்பில் மற்றவர் கேட்கும் பாடம் தடுமாறுவது இதனால்தான். படம் இறக்குபவருக்கு நட்டம் இல்லை, காத்திருப்பவர் மாணவர்!

2016இல் கூகுள் வெளியிட்ட 'பி.பி.ஆர்.' இழப்புக்குக் காத்திராமல் தடத்தின் வேகத்தையும் தாமதத்தையும் அளக்கிறது. நல்ல வழிதான். ஆனால், வரிசைக்கு இடம் குறைந்த தடங்களில் அதன் முதல் வடிவம் கியூபிக்கின் பங்கை நசுக்கியதைச் சோதனைகள் காட்டின.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் 1988லேயே வேறு வழி சொன்னார்கள்: நெரிசல் தொடங்கும்போதே திசைவி பொட்டலத்தில் ஒரு குறியிட்டால் போதும். 2001இல் இது இணையத் தர வரையறையாகவும் ஆயிற்று. எனினும் எல்லாத் திசைவிகளும் குறியிடுவதில்லை.

வாசகர்களே, புதிய முறை ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது "எவ்வளவு வேகம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பக்கத்தில் செல்பவருக்கு வழி விடுகிறதா?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியில் தேறாத முறை, எத்தனை விரைவாக ஓடினாலும், பொதுச் சாலைக்கு ஏற்றதன்று.