கூத்தின் வழக்கும் திரையின் வழக்கும்

கூத்து இயற்கைக்கு ஒவ்வாதது என்பது கற்றோர் பலரிடத்து இன்றும் நிலவும் கருத்தாகும். அரசன் ஆடிக்கொண்டே சபைக்கு வருகின்றான்; தன் பெயரையும் பெருமையையும் தானே பாடி அறிவிக்கின்றான்; களரியை ஒருமுறை சுற்றிவந்து காட்டை அடைந்துவிட்டதாகக் கூறுகின்றான். இவை உலகில் எங்கும் நிகழாதவை என்பது அவர்தம் வாதம். அவ்வாறு கூறுவோரே திரைப்படத்தைக் கண்டு, உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றதெனப் பாராட்டுவர். முன்னையது செயற்கை, பின்னையது இயற்கை என்னும் இப்பாகுபாடு ஆராய்ச்சியின்முன் நிற்குமோ என்பதே ஈண்டு எழும் வினா.

தமிழ் இலக்கணம் கற்றார்க்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினை வேறுபடுத்திக் காட்டி, அவ்விரண்டையும் தழுவியதே அகப்பாடலுக்குரிய நெறி என்றார். வடமொழி நாட்டிய சாத்திரமும் நாட்டியதர்மி, லோகதர்மி என ஏறத்தாழ இதே பாகுபாட்டைச் செய்கின்றது. கடற்கரையும் எற்பாடும் சுட்டப்பட்ட அளவிலேயே தலைவியின் இரங்கல் கற்றோன் உள்ளத்தில் எழுகின்றது. கடலுக்கும் இரங்கலுக்கும் இயல்பாக அமைந்த தொடர்பு யாதுமில்லை. வலை நிறைய மீன் வாரிய அன்று பரதவன் அதே கரையில் அதே மாலையில் மகிழ்ந்தே இருப்பான். தொடர்பை உண்டாக்கியது வழக்கு. அதனை உணர்ந்து கொள்வது பயிற்சி. பயிற்சியில்லாதவனுக்கு நெய்தற்பாட்டும் வெறுங் கடற்கரை வருணனையேயாம்.

மட்டக்களப்புக் கூத்து இத்தகையதோர் இலக்கணமுடையது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பர். வரவுத் தாளம் தொடங்கியதும், கூத்தன் முகந் தெரியுமுன்னரே, வருபவன் அரசனோ, தூதனோ, பெண்ணோ என்பதைச் சபை அறிந்துகொள்ளும். வடமோடி, தென்மோடி என்னும் பிரிவும் ஆட்ட முறையில் மட்டும் நின்றுவிடுவதன்று. வடமோடியெனின் பாரத இராமாயணப் போர்களை எதிர்பார்த்து வந்தமர்வர். தென்மோடியெனின் பாட்டின் நயத்துக்கும் காதற் கதைக்கும் செவிசாய்ப்பர். அரசனின் கரப்புடுப்பும், கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் விளக்கொளியில் மின்னித் தொலைவிலிருப்போர்க்கும் அவன் நிலையை உணர்த்தும். பிற்பாட்டுக்காரர் பாத்திரத்தின் பாட்டை மீண்டும் எடுத்துப் பாடும்போது ஒருவனின் துயரம் சபையின் துயரமாக விரிகின்றது. விடியும்வரை நீளும் ஆட்டத்தில் இடையிடையே கண்ணயர்ந்தவன்கூடத் தாளத்தின் மாற்றத்தாலே கதை எவ்விடத்தில் நிற்கின்றதென உணர்ந்து எழுவான். இவற்றுள் ஒன்றும் ஒளிக்கப்படவில்லை. இது கூத்து, இவன் கூத்தன் என்பதைக் களரி எப்போதும் ஒப்புக்கொண்டே நிற்கின்றது.

இனித் திரைப்படத்தை நோக்குவோம். 1895 இல் பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நிறுத்திய கமெரா கண்ட ஒரே காட்சியாகும். தொழிலாளர் ஆலையினின்று வெளிவருகின்றனர், அவ்வளவே. அங்கு வழக்கு மிகக் குறைவு, கதையும் இல்லை. கதை சொல்ல முற்பட்ட கணமே வழக்குத் தேவைப்பட்டது. அமெரிக்கரான கிரிபித் 1908 இல் எடுத்த படமொன்றில், வீட்டில் காத்திருக்கும் மனைவியைக் காட்டி, உடனே கப்பலுடைந்து தீவில் ஒதுங்கிய கணவனைக் காட்டினார். இரு காட்சிக்கும் நடுவே கடல் கிடக்கின்றது. எந்த மனிதக் கண்ணும் அவ்வாறு ஒரு நொடியில் தாவியதில்லை. எனினும், இவள் அவனை நினைக்கின்றாள் என்று பார்ப்போர் பொருள்கொண்டனர். களரியைச் சுற்றிவந்து காட்டை அடையும் அரசனை நகைப்போர், இத்தாவலை ஏன் நகைப்பதில்லை? கூத்தன் நாலடியாவது நடந்தான். கமெரா அதுவும் செய்யவில்லை.

இரசிய நெறியாளர் குலெசோவ் செய்த சோதனை இதனை மேலும் தெளிவுபடுத்தும். மொசூகின் என்னும் நடிகரின் முகத்தை, குறிப்பெதுவும் வெளிப்படாத நிலையில், எடுத்து வைத்துக்கொண்டார். அதே முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்தோடும், ஒருமுறை பிணப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். கண்டோர் முதலாவதில் பசியையும் அடுத்ததில் துயரத்தையும் கண்டு, அவர் நடிப்பைப் புகழ்ந்தனர் என்பர். முகத்தில் இல்லாத பொருளைப் பக்கத்தில் நின்ற காட்சி தந்தது. சொல் தனித்து நிற்கையில் ஒரு பொருளும், தொடரிற் புணர்கையில் வேறு பொருளும் தருதல் போல்வது இது. குலெசோவின் மாணாக்கர்களும் ஐசென்ஸ்ரைன் முதலியோரும் இதனையே திரையின் இலக்கணமாக வளர்த்தனர்.

தமிழ்த் திரைப்படத்தின் வழக்குகளோ இன்னும் வெளிப்படையானவை. காதலர் முகங்கள் நெருங்கும் வேளையில் இரு மலர்கள் ஒன்றோடொன்று உரசும். முதியவர் உயிர்நீங்கும் வேளையில் விளக்கு அணையும். வெட்டவெளியில் தலைவி பாட, எங்கிருந்தோ வயலினும் தபேலாவும் உடன் ஒலிக்கும். பாடல் தொடங்குமுன் சேலையொன்று அணிந்திருந்தவள் பாடல் முடியுமுன் நான்கு சேலை மாற்றிவிடுவாள்! கூத்தன் பாடி அறிவித்தலைக் குறைகூறிய கற்றவர், இதனைப் பொறுமையுடன் கண்டிருப்பர். இவ்வழக்கின் வலிமைக்கு எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய ‘அந்த நாள்’ (1954) சான்றாகும். ஒரு பாடலுமின்றி, ஒரே கொலையைப் பலர் பார்வையில் விரித்துக் காட்டிய அப்படம் பின்னாளில் பெரிதும் போற்றப்பட்டபோதிலும், வெளிவந்த காலத்தில் வசூலில் வெல்லவில்லை. பாடல் எங்கே என்று கேட்ட பார்வையாளரைக் குற்றங்கூறல் தகாது. அவர் பழகிய இலக்கணத்தில் அது குறைபட்ட வாக்கியமாகத் தோன்றியது.

ஆகவே இரண்டும் வழக்கே. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. கூத்து தன் வழக்கை வெளிக்காட்டுகின்றது. திரை அதனை மறைக்கின்றது. மறைந்து நிற்கும் வழக்கைப் பார்ப்போன் வழக்கென்று கருதாது உண்மையென்றே கொள்கின்றான். இதன் விளைவு சிறிதன்று. ‘தெனாலி’ (2000) படத்தில் எதைக் கண்டாலும் அஞ்சும் ஒருவனாகக் கமல்ஹாசன் நடித்தார். அப்பாத்திரம் பேசுவது ஈழத்துத் தமிழ். நடிப்பின் திறமை மறுக்கத்தக்கதன்று; அவன் அச்சத்துக்குப் போரும் ஒரு காரணமெனப் படம் கூறவுஞ் செய்கின்றது. ஆயினும் அரங்கில் நகை எழுந்த இடங்கள் பலவற்றில், நகைக்குக் குறியாய் நின்றது அந்தப் பேச்சின் ஒலியே. யாழ்ப்பாணத்து வீட்டில் தாய் பிள்ளையை அழைக்கும் அதே ஒலி, திரையில் வேடிக்கைக்கு உரியதொரு குறியாகிவிடுகின்றது. களரியில் ஒரு கோமாளி இவ்வாறு பேசியிருந்தால் அது கோமாளியின் வேடமென்று சபை அறிந்திருக்கும். திரையிலோ, அறியாத நாட்டவர்க்கு அதுவே ஒரு மக்களின் இயல்பாய்த் தோன்றக்கூடும்.

வழக்கென்பது பார்ப்போரோடு செய்துகொண்ட உடன்படிக்கையாதலின், பார்ப்போர் மாறினால் அதுவும் புதுப்பிக்கப்படல் வேண்டும். ஈழத்துக் கூத்து இதனை நேரிற் கண்டது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள ஆட்டமரபினை அடிப்படையாகக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை 1956 இல் மேடையேற்றினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தரின் துணையுடன் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடைக்குக் கொணர்ந்தார். இரவு முழுவதும் நிகழ்ந்தது ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் நோக்கி ஆடியவர் ஒருபுறம் நோக்கி ஆடினர்.

இம்மாற்றத்தைச் சிலர் கூத்தின் அழிவென்றனர். சிலர் மறுமலர்ச்சி என்றனர். இழப்பு உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வட்டக்களரியில் எதிரே இருப்பவன் முகத்தையும் கூத்தனுக்கு அப்பால் காணலாம். தன் ஊர் முழுவதும் ஒருங்கே அழுவதையும் சிரிப்பதையும் காண்பதும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதி. படச்சட்ட மேடையின்முன் இருளில் அமர்ந்தவனுக்கு அது கிட்டாது. ஆயின் வித்தியானந்தன் வழக்கைச் சிதைக்கவில்லை. தாளத்தையும் ஆட்டத்தையும் பொருளுணர்த்தும் கருவிகளாகவே பேணி, அவற்றைக் கற்றறியாத சபையும் ஒரே அமர்வில் கற்றுக்கொள்ளுமாறு செறிவாக்கினார். பேராதனையிலும் கொழும்பிலும் அமர்ந்திருந்தோர் பலர் களரியையே காணாதவர். எனினும் இராவணனின் ஆட்டத்தில் அவன் வீழ்ச்சியை அவர்கள் கண்டனர்.

அவரைப் பின்பற்றிய யாவரையும் அவ்வாறு கூறவியலாது. பாடசாலை மேடைகள் பலவற்றில் முடியும் உடுப்பும் மத்தளமும் வந்து சேருகின்றன. வரவுத் தாளம் மட்டும் யாருக்கும் ஒரே தாளமாகி விடுகின்றது. தூதனும் மன்னனும் ஒரே அடியில் வருகின்றனர். அச்சபையில் இருக்கும் முதிய அண்ணாவியார் ஒருவர்க்கு அது எழுவாய்க்கு இசையாத பயனிலை போலவே கேட்கும், ஏனையோர் கைதட்டுவர். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் தாமே அதனை நெறிப்படுத்தி மேடையேற்றியபோது, புதிய தலைமுறை மாணவர்க்கு முதலிற் பயிற்ற வேண்டியிருந்தது வசனத்தையன்று, தாளக்கட்டையும் அடியையுமே.