கட்டைக்கும் நாதத்துக்கும் நடுவே

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டினால் வருவது அந்தக் கல்லின் சுரம். அதைப் பிடுங்கிப் பக்கத்துத் தூணுக்குக் கொடுக்க முடியாது. மிடி கீபோர்டு இதற்கு நேர் எதிர். எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்று மூன்று பைட்டில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நடு ‘சி’ என்றால் 60. வேகத்துக்கு 127 வரை ஓர் எண். 1983இல் வந்த ஏற்பாடு, இன்றும் அப்படியே ஓடுகிறது. அந்த எண் எங்கே போய் நாதமாவது என்பதைத் தீர்மானிப்பதில்தான் லினக்ஸின் ருசி இருக்கிறது.

விண்டோஸில் பல மென்பொருள்கள் கீபோர்டைத் தாமே தேடிப் பிடித்துக்கொள்ளும். லினக்ஸில் கீபோர்டைச் செருகி, மிடியை ஒலியாக்கும் ஃப்ளூயிட்சிந்த் மென்பொருளை ஓடவிட்டுக் கட்டையை அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான். கொஞ்சம் உட்காருங்கள். டெர்மினலில் ‘ஏகனெக்ட்’ கட்டளையிடம் பட்டியல் கேட்டால், 14இல் ‘மிடி த்ரூ’, 20இல் உங்கள் கீபோர்டு, 128இல் ஃப்ளூயிட்சிந்த் என்பதுபோல வரிசையாகச் சொல்லும். எண்கள் கணினிக்குக் கணினி மாறும். அதே கட்டளையோடு 20:0, 128:0 என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரையில் பதில் ஒரு வரிகூட வராது. கட்டையை அழுத்தினால் பியானோ பேசும்.

சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியைத் திருப்பி நெல்லைக் கால்வாயில் விடுகிற மாதிரிதான் இதுவும். ஆனால் ஆற்றுநீரைப் பிரித்தால் குறையும், மிடி குறையாது. ஒரே கீபோர்டை வயலினுக்கும் பதிவு செய்யும் ஆர்டருக்கும் சேர்த்தே இணைக்கலாம். கியூஜாக்கண்ட்ரோல் என்ற மென்பொருளில் இந்த இணைப்புகள் கோடுகளாகத் தெரியும். எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தபடி வாசிப்பதில் தனிச் சுகம். கொடை விழாவில் நையாண்டி மேளத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் தாமதத்தைக் கவனியுங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 256 சாம்பிள் இடையகம் 5 மில்லிநொடிக்குச் சற்றே கூட, கைக்கு உறைக்காது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஜெனரல் மிடியின் 128 ஒலிகளில் சித்தாருக்கு இடமுண்டு, ஷெனாய்க்கு இடமுண்டு, பேக்பைப்புக்குக்கூட உண்டு, நாகஸ்வரத்துக்கு இல்லை! திறந்த மூல உலகில் அதற்கும் வழி இருக்கிறது. தெரிந்த வித்வானிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பதிந்து, பாலிஃபோன் மென்பொருளில் சவுண்ட்ஃபாண்ட் என்ற ஒலித்தொகுப்பாகக் கட்டிக்கொள்ளலாம். கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் சக்கரம். இயல்பாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வளையும். தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்தாற்போல இருக்கிறது: கீழே சுத்த ரிஷபம், மேலே சுத்த மத்திமம். நீண்ட ஜாருவுக்கு மட்டும் எல்லையை 12 ஆக்க வேண்டும். அப்படியும் சீவாளியில் உதடு செய்கிற வேலையைச் சக்கரம் செய்துவிடாது என்பதே என் தீர்ப்பு.

இதற்குப் பெரிய கணினி வேண்டாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அந்தப் பக்கம் போனதேயில்லை. ஃப்ளூயிட் ஆர்3 ஒலித்தொகுப்பு 150 எம்பிக்குள் அடங்கிவிடும். பரணில் கிடக்கும் அந்த லேப்டாப்பை எடைக்குப் போடுமுன் ஒரு புதிய லினக்ஸை ஏற்றி, ஒரு கீபோர்டைச் செருகிப் பாருங்கள்.