கைதட்டலும் ‘ம்’ கொட்டுதலும்

கல்லூரி மாணவர்களுக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுக்கக் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்கலாமா என்ற பேச்சு ஆசிரிய நண்பர்களிடையே அடிக்கடி வருகிறது. வைக்கலாம் என்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மொழி லேசாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கூச்சம் தெளியும். முடிவில் எனக்கு உடன்பாடு உண்டு, காரணத்தில் இல்லை. அதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இப்போது என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று பார்க்கலாம். பாளையங்கோட்டையைத் தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். இங்கே பேச்சுப் போட்டிக்குப் பஞ்சம் கிடையாது. சில போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். பத்துப் பேர் பேசினால் எட்டுப் பேர் பேச்சு ஒரே அச்சு. அவைக்கு அடுக்கடுக்காக வணக்கம், ஒரு குறள், எதுகை மோனையில் நாலு வரி, குரல் ஏறி உச்சிக்குப் போகும் இடத்தில் கை உயரும். அங்கே கைதட்டு விழும். எழுதிக் கொடுத்தவர் யாரோ, மனப்பாடம் செய்தவர் யாரோ. நடுவில் ஒரு வரி மறந்துபோனால் பிள்ளைக்கு அடுத்த வரிக்குத் தாவத் தெரியாது. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். யாரிடம் பேசுகிறோம் என்பது அந்தப் பேச்சுக்குள்ளேயே இல்லை.

அதே பிள்ளை கீழே இறங்கி வந்து, “ஸார், நான் நல்லா பேசுனேனா? அந்த ஆச்சி கத எங்க ஆச்சி சொன்னதுதான் ஸார், ஆனா எங்க ஊரு பேச்சுல சொன்னா சிரிப்பாவன்னு மாத்திட்டேன்” என்று சொல்லும்போது எவ்வளவு அழகாகப் பேசுகிறது! மேடையில் காணாமல் போனது இந்தப் பேச்சுதான். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உன் வாயில் இயல்பாக வருவது மேடைக்கு ஆகாது என்று மூன்று வருஷம் கேட்ட பிள்ளை, நேர்முகத் தேர்விலும் வாயைத் திறக்கத் தயங்கும், கிராம சபையிலும் தயங்கும்.

மேடைத் தமிழ் என்றால் இப்படித்தான், காலங்காலமாக இப்படித்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. மதுரையில் களஆய்வு செய்த மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், 2009-ல் வந்த தன் நூலில், அரசியல் மேடையின் செந்தமிழ் பழமை போலத் தோன்றினாலும் இருபதாம் நூற்றாண்டில் திராவிட இயக்கம் உருவாக்கிய நவீன வடிவம் என்று காட்டினார். அவர் மறைவுக்குப் பின் 2021-ல் வந்த இன்னொரு நூல் இன்னும் பின்னால் போகிறது. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் செய்த பிரசங்கம், அதைக் கண்டு 1847-ல் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம், அங்கிருந்து சுதேசி இயக்கத்துக் கூட்டங்கள் என்று வரும் பாதை அது. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசிய பேச்சு, மில் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு. அவர்கள் மார்ச் 12-ல் கைதானதும் மறுநாள் திருநெல்வேலியே எழுந்தது. மாணவர்களும் அதில் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்தப் பேச்சுகளே பிறகு வழக்கில் சாட்சியமாக வந்தன. இந்த ஊரில் பேச்சு என்பது ஒரு காலத்தில் அவ்வளவு கனமான காரியம்.

மேடையின் இந்த வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே இருந்த இன்னொரு பேச்சு மரபைப் பயிற்சி என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ‘ம்’ நின்றுபோனால் ஒன்று பிள்ளை தூங்கிவிட்டது, இல்லையென்றால் கதை சரியில்லை. சொல்கிற ஆச்சி அந்த ஒலியை வைத்தே கதையை இழுப்பாள், சுருக்குவாள், ஒரு பேயைக் கூடுதலாகக் கொண்டுவருவாள். வில்லுப்பாட்டில் இதைக் கலையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். சிலசமயம் ‘அதெப்படி?’ என்று குறுக்கே கேட்கிறார். கேட்பவருக்கு மேடையிலேயே ஒரு இடம்! சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்த ‘ஆமா’வை வானொலி வரைக்கும் கொண்டுபோனார்.

கைதட்டல் பேச்சாளரைப் பாராட்டுகிறது. ‘ம்’ பேச்சாளரை நடத்துகிறது. குழந்தைக் கதையைக் கல்லூரிக்குள் கொண்டுவர என்னிடம் உள்ள காரணம் இதுதான். லேசான மொழி என்பது இரண்டாம் பட்சம். சொல்லப்போனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது லேசே கிடையாது.

ஒரு பயிற்சியில் மாணவர்களிடம் ஆதிச்சநல்லூரைப் பற்றிப் பேசச் சொன்னேன். முதலில் வகுப்பில். எல்லோரும் மூத்த குடி, முதல் நாகரிகம் என்று முழங்கினார்கள். அடுத்த வாரம் அதையே பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். முதல் நிமிஷத்திலேயே ஒரு சிறுவன் கேட்டான்: “பானைக்குள்ள ஆள் எப்படிண்ணே கொள்ளும்?” மூத்த குடியால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அண்ணன் தரையில் குத்தவைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாழியின் உயரத்தைக் கையால் காட்டினான். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டியதையும், பிறகு அலெக்சாண்டர் ரீ வந்ததையும், “அவிய எதுக்கு அதத் தோண்டுனாவ?” என்ற அடுத்த கேள்விக்குப் பதிலாகச் சொன்னான். தகவல் அதேதான். இந்தமுறை ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வேலை இருந்தது.

சரி, எந்தப் புத்தகங்கள்? குழந்தை இலக்கியம் என்று அட்டையில் போட்ட எல்லாமே இதற்கு உதவாது. நம் சிறுவர் நூல்களில் பாதிக்கு மேல் மேடைப்பேச்சின் தம்பிகள். கடைசிப் பக்கத்தில் நீதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மாணவர் கையில் கொடுத்தால் அதே பழைய குரல்தான் வரும். குழந்தைப் பாடல்கள் பாட நல்லவை. ஆனால் சந்தமே ஆளை இழுத்துப் போய்விடுவதால் எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை வராது.

கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைகள் வேறு மாதிரி. இடைசெவல் கரிசல் காடு. ஆற்றுப் பாசனம் உள்ள நம் பக்கத்துப் பேச்சிலிருந்து கொஞ்சம் விலகியதுதான். ஆனாலும் அச்சில் இருக்கும்போதே சொல்லும் குரல் கேட்கும். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக வைத்துக்கொண்டது. நம் ஊர்ப் பேச்சு மேடைக்கு ஆகாது என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு செய்தியே போதும். நெல்லை வட்டாரத்துக்குக் கழனியூரன் திரட்டிய கதைகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நாட்டுப்புறக் கதை எல்லாம் குழந்தைக் கதை ஆகிவிடாது. இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ‘மறைவாய் சொன்ன கதைகள்’ தொகுப்பின் பெயரே அதைச் சொல்லிவிடும். எந்தக் கதையை யாரிடம் சொல்வது என்று மாணவர் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

இன்றைய நூல்களில் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது) கடினமான பாடம். பாலியல் தொல்லையைப் பற்றிக் குழந்தையிடம் பேசும் கதை. இதை வாய்விட்டுச் சொல்ல முயலும்போது அடுக்குமொழி உதவிக்கு வராது. பயமுறுத்தவும் கூடாது, மழுப்பவும் கூடாது. எந்தச் சொல்லில் நிறுத்துவது, எங்கே ‘ம்’முக்காகக் காத்திருப்பது என்று மாணவர் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023-ல் அதே விருது) கீழடியைச் சிறுவன் ஒருவன் வழியாகக் காட்டுகிறது. ஆதிச்சநல்லூர்ப் பயிற்சியோடு சேர்த்துப் படிக்க ஏற்றது.

ஒரு மறுப்பு நியாயமானது. கதை சொல்லத் தெரிந்தால் போதுமா, வாதம் செய்யத் தெரிய வேண்டாமா? வேண்டும். கதை மட்டும் தெரிந்த பேச்சாளர் சுவாரசியமாகப் பேசிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் இறங்கிவிடக்கூடும். அதனால் கதையோடு நிறுத்தக்கூடாது. பிள்ளைகள் கேட்கும் ‘ஏன்’களை மாணவர்கள் எழுதி வைத்து, அவற்றுக்கு ஆதாரத்தோடு பதில் தயாரிக்க வேண்டும். கதை அங்கேதான் வாதமாக மாறுகிறது.

இதற்கு நம் ஆற்றங்கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கறிஞர் இல்லாமல் தானே நின்று வாதாடினார். 2010-ல் தடை வந்தது. நீதிமன்றத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். எதிரே இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பேச்சு நகரும்.

கல்லூரிகள் இதைச் செய்ய பெரிய செலவு ஒன்றுமில்லை. பேச்சுப் போட்டியை நிறுத்தவும் வேண்டாம். ஐந்து நிமிஷப் பேச்சுக்குப் பிறகு இரண்டு நிமிஷம் ஒதுக்கி, முன்வரிசையில் நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்த இரண்டு நிமிஷத்துக்குக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த பேச்சு எது, சொந்தப் பேச்சு எது என்று நடுவர் சொல்லவே வேண்டியிருக்காது.