முத்திரையும் விலையும்: பழைய சைக்கிள் பாகங்களை மதிப்பிடும் முறை

பழைய சைக்கிள் பாகங்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கையில் கிடைத்த பாகம் எந்த கம்பெனியுடையது, எந்த ஆண்டுச் சரக்கு என்று கண்டறிவது ஒன்று. அதற்கு என்ன விலை தகும் என்று முடிவு கட்டுவது இன்னொன்று. முதல் வேலையில் அவர்கள் காட்டும் நுட்பம் அசர வைக்கிறது. இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு, இன்று விலை வைக்கும் பழக்கம் அடையாளம் காணத் தேவையான தடயங்களையே அழித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தயாரான ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்தால், உருளை மேல் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும் சில எண்களும் தெரியும். 57, 3 என்றிருந்தால் அது 1957 மார்ச் மாதச் சரக்கு. 1936இல் வந்த இந்த மாடல் பல பத்தாண்டுகள் தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. ஆகவே பார்வையால் மட்டும் அதன் வயதைச் சொல்ல முடியாது, முத்திரைதான் சொல்லும். இத்தாலியின் காம்பக்னோலோ 1967இல் கொண்டுவந்த நூவோ ரெக்கார்டு கியர் மாற்றியிலும் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லை அடுத்து இரண்டு இலக்கங்கள் இருக்கும். 74 என்றால் 1974இல் செய்தது என்று கொள்வது வழக்கம்.

முத்திரை இல்லாத இடத்தில் கண்ணும் அளவுகோலும் உதவுகின்றன. செயின் வீலில் நாரை இருந்தால் ராலே, விரித்த கை இருந்தால் ரட்ஜ், மனித உருவங்கள் வட்டமாக நின்றால் ஹம்பர். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பிரிட்டிஷ் வண்டிகளின் பழைய கணக்கு. மரையில்தான் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. மற்ற பிரிட்டிஷ் வண்டிகளின் கிராங்க் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலேயில் 26. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தெரியாமல் ஸ்பானர் போட்டு முறுக்கினால் ஃபிரேமின் மரை போய்விடும். அடையாளம் காணும் அறிவு வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் முத்திரைக்கும் எல்லை உண்டு. அது அந்தப் பாகத்தின் வயதைச் சொல்லுமே தவிர, வண்டியின் வயதைச் சொல்லாது. ஹப் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து பிறகு சக்கரமாகியிருக்கலாம். சக்கரமே பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். பெயர்ப் பட்டையை நம்புவதும் ஆபத்து. ஆசன்சோலின் சென்-ராலே ஆலையிலிருந்து ராலே வண்டிகள் வந்தன. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வந்தன. பெயரை மட்டும் பார்த்து ‘அசல் இங்கிலீஷ் வண்டி’ என்று விற்கப்படுபவற்றில் எத்தனையோ நம் நாட்டில் பிறந்தவை. ஃபிரேம் எண், ஹப், ஃபோர்க், கிராங்க் எல்லாம் ஒத்துப்போனால்தான் வயதை உறுதியாகச் சொல்லலாம். தனியே கழற்றிய பாகத்துக்கு அந்தச் சாட்சிகள் கிடையாது.

விலைக்கு வருவோம். சந்தையில் விலையை ஏற்றுபவை மூன்று: அரிது என்ற பேச்சு, பெரிய பெயர், பளபளப்பு. மூன்றுமே பாகத்தின் தரத்துக்குச் சான்றல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் 1950களின் நடுவில் கொண்டுவந்த எஸ்.டபிள்யூ. ஹப் கியர் நழுவும் என்று பெயரெடுத்துச் சில ஆண்டுகளில் மறைந்தது. சரியாக ஓடாததால்தான் அது அரிதானது. அரிதானதால் இன்று தேடப்படுகிறது. லட்சக்கணக்கில் ஓடி உழைத்த ஏ.டபிள்யூ. மலிவாகக் கிடக்கிறது. 1980களில் வந்த காம்பக்னோலோ டெல்டா பிரேக்கும் அப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் கனம் அதிகம், சரிசெய்வதும் சிரமம். சாதாரண பிரேக்கைவிடப் பல மடங்கு விலை போகிறது. அலமாரியில் வைக்க வாங்குபவர் எதற்கு எவ்வளவு கொடுத்தாலும் அது அவர் விருப்பம். அந்த விலையையே தரமென்று நம்பி, வண்டியில் பூட்டி ஓட்ட வாங்குபவர்தான் ஏமாறுகிறார். நூவோ ரெக்கார்டு கிராங்கில், செயின் வீலைத் தாங்கும் கைகள் தண்டோடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. புகைப்படத்தில் அது தெரியாது. மிதிக்கும்போது உடைந்தால்தான் தெரியும்.

பளபளப்பு செய்யும் கேடு வேறு வகை. மறுபடி குரோம் பூச வேண்டுமானால் முதலில் பழைய பரப்பைத் தேய்த்தாக வேண்டும். முத்திரை ஆழம் குறைந்ததாக இருந்தால் அந்தத் தேய்ப்போடு போய்விடும். பொருள் மின்னுகிறது, விலை ஏறுகிறது, அது என்ன என்பதற்கான ஆதாரம் மட்டும் காணாமல் போகிறது.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் முழு வண்டியைப் பிரித்து விற்பது. விளக்கு, பெல், செயின் வீல், தோல் சீட் என்று தனித்தனியே விற்றால் முழு வண்டியின் விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மிஞ்சிய ஃபிரேமை எடைக்குப் போட்டுவிடலாம். ‘பிரிக்காவிட்டால் முழு வண்டியும் காயலான் கடைக்குத்தானே போயிருக்கும்’ என்று வியாபாரிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வளைந்துபோன ஒரு ஃபிரேமிலிருந்து கழற்றிய பாகங்களால் வேறு சில வண்டிகள் மறுபடி ஓடுகின்றன. ஆனால் அந்த நியாயம் ஓட்டை விழுந்த, வளைந்த ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தும். நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பிரிப்பவருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

ஆகவே விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை மாற வேண்டும். மரை பொருந்துமா? பேரிங் கோனில் குழி விழுந்திருக்கிறதா? செயின் வீல் பற்கள் கொக்கிபோல் வளைந்துவிட்டனவா? கிராங்கில் விரிசல் உண்டா? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் ஆண்டும் பெயரும். பிரித்தே ஆக வேண்டும் என்றால், ஃபிரேம் எண்ணையும் அதில் இருந்த பாகங்களின் படங்களையும் சேர்த்துக் கொடுப்பதை விற்பவர் கடமையாகக் கொள்ள வேண்டும். அப்படி விவரத்தோடு வரும் பாகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவரும் தயங்கக் கூடாது. மெருகுக்குக் கொடுக்கும் பணத்தை விவரத்துக்குக் கொடுக்கத் தொடங்கினால், விற்பவர்கள் தாமாகவே முத்திரையைத் தேய்ப்பதை நிறுத்துவார்கள்.