கொச்சிப் புதினங்களில் உழைப்பாளர்: பள்ளுருத்தியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே அமைந்த பள்ளுருத்தி, 1967இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. யூதத் தொழுகைக் கூடத்தையும் சீன வலைகளையும் காணவரும் பயணியர் பெரும்பாலும் எட்டிப்பாராத உழைப்பாளர் பகுதி இது. கொச்சியைக் களமாகக் கொண்டு 1995 முதல் வெளிவந்த புதினங்களை இப்பகுதி மக்களின் வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குங்கால், அவற்றின் நிறையும் குறையும் தெளிவாகப் புலனாகின்றன. அவற்றுள் மூன்று ஈண்டு ஆராயத்தக்கன.

சல்மான் ருஷ்டியின் ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ (1995) கொச்சி மிளகு வணிகக் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறுகிறது. 1568இல் எழுப்பப்பட்ட மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடமும் அதன் நீலவண்ண ஓடுகளும் கதையில் இடம்பெறுகின்றன. சொல் விளையாட்டில் ஆசிரியரின் ஆற்றல் வியக்கத்தக்கதே. ஆயினும் மிளகின் மணத்தை உணர்த்தும் அளவிற்கு மூட்டை சுமந்தோரின் வாழ்வைப் புதினம் உணர்த்தவில்லை. கதையும் பம்பாய்க்கு இடம்பெயர்ந்துவிடுவதால், கொச்சி அதன் முன்னுரையாகவே நின்றுவிடுகிறது.

என். எஸ். மாதவனின் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ (2003) என்னும் மலையாளப் புதினம் இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. கற்பனைத் தீவொன்றின் இலத்தீன் கத்தோலிக்கத் தொழிலாளர் வாழ்வை எட்வினா என்னும் பெண் எடுத்துரைக்கிறாள். மன்னன் சார்லமேனின் கதையாகிய ‘காறல்மான் சரிதம்’ என்னும் சவிட்டுநாடகம் இதில் சிறப்பிடம் பெறுகிறது. சவிட்டுநாடகப் பழஞ்சுவடிகளின் மொழி தமிழ் மிகுந்தது. தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவியாரை இந்நாடகத்தின் ஆசிரியராக மரபு சுட்டுகிறது. எனவே இப்புதினம் தமிழாய்வாளர் கவனத்திற்கும் உரியதாகிறது. எனினும், 1957இல் அமைந்த பொதுவுடைமை அமைச்சரவை முதலான நிகழ்வுகள் மிகுதியாக இடம்பெறுதலால், மாந்தர் சிலவிடங்களில் வரலாற்றின் சாட்சிகளாகச் சுருங்கிவிடுகின்றனர்.

ஜானி மிராண்டாவின் ‘ஜீவிச்சிரிக்குன்னவர்க்கு வேண்டியுள்ள ஒப்பீஸ்’ (2004) அளவிற் சிறியது. ‘ஒப்பீஸ்’ என்பது இறந்தோர்க்குச் செய்யும் வேண்டுதல்; அதனை உயிரோடிருப்போர்க்கு உரியதாக்குகிறது தலைப்பு. போர்த்துகீசியக் கலப்பு வழியினரான பரங்கியரின் நம்பிக்கைகளும் சடங்குகளும் உள்ளிருந்தே கூறப்படுகின்றன. கதைக்கட்டு தளர்ந்திருப்பது குறையே. ஆயினும், அயலார்க்கு விளக்குவதற்காகத் தம் வாழ்வைக் காட்சிப்பொருளாக்காத நேர்மை இதன் தனிச்சிறப்பு.

இம்மூன்றும் மையப்படுத்தாத வரலாறு ஒன்றுண்டு. கொச்சித் துறைமுகத்தில் வேலை பெறுவதற்குரிய ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளை அக்காலத்தில் கூட்டத்தின் நடுவே வீசிவந்தனர். அவற்றைப் பொறுக்கியெடுத்தோர்க்கே அன்றைய கூலி. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கே. எம். சிதம்பரனின் ‘துறமுகம்’ நாடகமும், அதனை அடியொற்றி 2023இல் வெளிவந்த திரைப்படமும் இதனைப் பொருளாகக் கொண்டன. பள்ளுருத்தி அழகியகாவுக் கோயிலைச் சார்ந்து தனு மாதத்தில் நிகழும் புலவாணிபச் சந்தையும், ஒடுக்கப்பட்ட புலையர்க்கு ஆண்டில் அந்நாளில் மட்டும் இசைவு இருந்த நிலையை நினைவூட்டுவது. இவையும் புதினத்திற்குரிய பொருள்களே.

முடிவாக, கலைத்திறனும் மக்கள் வாழ்வும் இயைந்த நிலையில் மாதவனின் படைப்பே முதலிடம் பெறுகிறது. மிராண்டாவின் நூல் மேலும் பரவலாகப் படிக்கப்பெறுதல் வேண்டும். ருஷ்டியின் புதினத்தை மொழிநடைக்காகப் பயிலலாம். கொச்சியின் உழைப்பாளரை அறிய அது போதாது.