மூக்கின் சாட்சியம்

மும்பையின் கிழக்கே ஒரே காற்றை எதிர்த்து இரண்டு போராட்டங்கள் நடந்தன. ஒன்று, மாஹுல், அம்பாபாடா கிராமங்களின் கோலி மீனவர்கள் நடத்தியது. மற்றொன்று, காட்கோபர், வித்யாவிகார் பக்கம் தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டி வாழ்ந்து, வீடு இடிபட்டு, அதே மாஹுலுக்குக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் நடத்தியது. இரண்டுமே நீதிமன்றத்தில் வென்றன என்பது பொதுப் பேச்சு. வென்றது என்ன என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

மாஹுல் அடங்கிய செம்பூரைக் 'கேஸ் சேம்பர்' என்று கேலி பேசுவது மும்பைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். அங்கே 1954-55ல் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன; அவைதான் இன்றைய எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். அடுத்த பத்தாண்டில் உரத் தொழிற்சாலை, பிறகு ரசாயனச் சேமிப்புத் தொட்டிகள். அங்குள்ளவர்கள் குறை சொன்னால் கிடைக்கும் முதல் பதில், "ஆலை முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது" என்பது. இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆலைக்கு அருகே மலிவாக மனை வாங்கிவிட்டுப் பிறகு புகை என்று அலறுகிறவர்கள் எல்லா நகரங்களிலும் உண்டு. ஆனால் மாஹுலில் இது நிற்காது. கோலிகளின் மீன்பிடிக் கிராமம் ஆலைகளுக்கு முந்தியது. குழாயடி மக்களோ தாமாக வரவில்லை. அரசு கொண்டுவந்து விட்டது. அதுவும் எதற்காக? குடிநீர்க் குழாயின் பாதுகாப்புக்காக அதன் இருபுறமும் பத்து மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. அப்படி அகற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்தது 72 கட்டடங்களும் 17,205 வீடுகளும் கொண்ட குடியிருப்பில் ஓர் இடம். கூப்பிடு தூரத்தில் ஆலை மதில். இரும்புக் குழாய்க்குக் கொடுத்த இடைவெளியைக்கூட மனிதர்களுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. 2018 ஆகஸ்ட் 8 அன்று பி.பி.சி.எல். ஆலையில் வெடித்துத் தீப்பிடித்தபோது அந்தத் திட்டத்தின் லட்சணம் ஊருக்கே தெரிந்தது.

கிராமத்து வழக்குக்கு வருவோம். அதன் பலம் முழுவதும் கே.இ.எம். மருத்துவமனை 2013ல் எடுத்த ஆய்வில் இருந்தது. விசாரிக்கப்பட்டவர்களில் 67.1 சதவீதம் பேருக்கு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறல், 86.6 சதவீதம் பேருக்குக் கண் எரிச்சல், 84.5 சதவீதம் பேருக்கு நெஞ்சை அடைக்கும் உணர்வு. இவையெல்லாம் மக்கள் வாயால் சொன்ன தொந்தரவுகள். எந்தத் தொட்டியின் ஆவி எந்தக் கண்ணை எரித்தது என்று அவை சொல்லாது. இது நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் அப்படி ஓர் இணைப்பை நிரூபிக்கச் சொன்னால் உலகத்தில் எந்தக் கிராமமும் எந்த ஆலையையும் வெல்ல முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புனே அமர்வு 2015 டிசம்பரில் அந்தப் பொறியில் விழவில்லை. அங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கட்டுப்படுத்தத் திட்டம் போடச் சொன்னது. என் கணக்கில் இந்த இரண்டு போராட்டங்களிலும் மிகப் பெரிய வெற்றி அதுதான்.

அதன் பிறகுதான் சறுக்கல். கட்டுப்படுத்த வேண்டுமானால் அளக்க வேண்டும்; கையில் இருந்த அளவுகோலோ நெடிக்கு உதவாதது. 2009ல் வந்த தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றவை 12 மாசுகள். பென்சீன் உண்டு, டொலுவீனும் சைலீனும் இல்லை. பென்சீனுக்கும் ஆண்டுச் சராசரிதான் அளவு. ராத்திரி காற்று அசையாமல் நிற்கும்போது பெயின்ட் தின்னர் போல ஒரு நெடி அரை மணி நேரம் வீட்டுக்குள் நின்றுவிட்டுப் போகிறது; குழந்தை வாந்தி எடுக்கிறது; ஆண்டுச் சராசரியில் அந்த அரை மணி கரைந்து காணாமல் போகிறது. தவிர, இந்த நெடி உயரமான புகைபோக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. தொட்டியின் மூச்சுக்குழாய், லாரியில் ஏற்றும் இடம், கசியும் வால்வு என்று தரைமட்டத்திலிருந்தே கிளம்புகிறது. ஜப்பானில் 1971லேயே துர்நாற்றத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. பயிற்சி பெற்ற மனிதர்களை வைத்து, பைகளில் பிடித்த காற்றை முகரச் செய்து அளக்கும் முறை அங்கே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் தர நிர்ணயத்தில் மூக்குக்கு இடமில்லை.

2020 ஆகஸ்டில் தீர்ப்பாயம், மாசுபடுத்திய நிறுவனங்கள் கட்ட வேண்டிய இழப்பீட்டைப் பங்கு பிரித்தது. சேமிப்புத் தொட்டிகள் வைத்திருக்கும் ஏஜிஸ் லாஜிஸ்டிக்ஸுக்கு 142 கோடி ரூபாய், எச்.பி.சி.எல்.லுக்கு 76.5 கோடி, பி.பி.சி.எல்.லுக்கு 67.5 கோடி, சீ லார்ட் கன்டெய்னர்ஸுக்கு 20 லட்சம். மொத்தம் 286 கோடி சொச்சம். இதில் கவனிக்க வேண்டியது கடைசித் தொகை. கிராமத்தார் வழக்குப் போட்டது முதலில் இந்த சீ லார்ட் மீதுதான்! அது ஏஜிஸின் துணை நிறுவனம் என்பதால் அவர்கள் கை காட்டிய திசை தப்பில்லை. ஆனாலும் நாற்றத்தின் முகவரியைக் குடிமகனே கண்டுபிடித்து வழக்குப் போட வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு அபத்தம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். முகவரி தேடுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. முதல் தீர்ப்புக்கும் இந்தப் பங்கீட்டுக்கும் நடுவே நாலரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

குழாயடி மக்கள் வேறு வழியில் போனார்கள். 2018 அக்டோபர் இறுதியில் வித்யாவிகாரில், இடிபட்ட இடத்தருகே தெருவிலேயே உட்கார்ந்தார்கள். ஆலையை மூடு என்று கேட்கவில்லை. எங்களை மாஹுலிலிருந்து எடு என்றார்கள். 2015 தீர்ப்பு அவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்த ஆயுதம். ஆபத்து என்று ஒரு தீர்ப்பாயம் சொன்ன இடத்தில் எப்படிக் குடியேற்றலாம் என்ற கேள்விக்கு அரசிடம் உருப்படியான பதில் இல்லை. 2019 செப்டம்பர் 23 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடு, இனி யாரையும் கட்டாயப்படுத்தி மாஹுலுக்கு அனுப்பாதே என்றது. தெளிவான கோரிக்கை, தெளிவான நிவாரணம். உத்தி என்ற அளவில் இதுவே கெட்டிக்காரத்தனம்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. வெளியேற முடிந்தவர்களுக்கு மட்டுமே அது உதவும். கோலிக்கு 15,000 ரூபாய் வாடகை எதற்கு? அவர் தொழில் செய்யும் கடலும் கழிமுகமும் அங்கேயே இருக்கின்றன. காற்று மாறாமல் ஆளை மாற்றும் தீர்வு, காலியான வீட்டுக்கு அடுத்த ஏழையைத் தேடும். 2025ல் மாநகராட்சி தன் ஊழியர்களுக்கே அந்த வீடுகளை 12.60 லட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தது. மும்பையில் அந்த விலைக்கு வீடு என்றால் சண்டை போட்டு வாங்குவார்கள். இங்கே ஆள் வராமல் விண்ணப்பத் தேதியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மாஹுலின் காற்றைப் பற்றி மாநகராட்சி ஊழியர்களே கொடுத்த மதிப்பீடு இது.

ஆகவே, பலனில் குழாயடிப் போராட்டம் முந்தியது. கனத்தில் கோலிகளின் வழக்குதான் பெரிது. முன்னது பின்னதன் தோளில் ஏறி நின்றது. இரண்டு தீர்ப்புகளிலும் நீதிமன்றங்கள் பணத்தைத் துல்லியமாகச் சொல்லின. தொட்டிகளின் நெடி எந்தத் தேதிக்குள் எந்த அளவுக்குக் குறைய வேண்டும், அதை ராத்திரியில் கிராமத்துக்குள் நின்று யார் அளப்பது, குறையாவிட்டால் எந்தத் தொட்டிக்குப் பூட்டு என்பதை அதே துல்லியத்தோடு சொல்லும் ஓர் உத்தரவைத்தான் கோலிகள் இனி கேட்டு வாங்க வேண்டும். 286 கோடி அதற்கு ஈடாகாது.